உபவாச நாளில் ஒரு டம்ளர் கஞ்சி

எங்கள் சபையில் யாருக்காவது காய்ச்சல் என்றால் இப்போதெல்லாம் பாஸ்டருக்கு அடுத்தபடி எனக்குத்தான் போன் வருகிறது. ஜெபம் பண்ணச் சொல்லிக் கேட்பதில்லை. "சிஸ்டர், ரத்தம் பாக்கணுமா, ஒரு நாள் பொறுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். நான் ஒன்பதாவதோடு நின்றவள், தையற்காரி. இருந்தாலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பொறுக்காதீர்கள், போய்ப் பாருங்கள், எங்கெங்கே போய் வந்தீர்கள் என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்களுக்கு என்னதான் நடந்தது என்று கேட்பவர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சமாகச் சொல்லி அலுத்துவிட்டது. வாயால் சொல்லும்போது சில இடங்கள் வந்தால் அவற்றைத் தாண்டிக் குதித்து அடுத்ததுக்குப் போய்விடுவேன். எழுதினால் குதிக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் என் தையல் கடை. கம்பெனிக்குப் போகிற பிள்ளைகளின் யூனிபாரம், அக்கம்பக்கத்துப் பெண்களின் ஜாக்கெட், இவ்வளவுதான் என் பிழைப்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் மஞ்சுளா. ஞானஸ்நானம் எடுத்தபோது எஸ்தர் ஆனேன். என் வீட்டுக்காரர் முனிராஜ் சூளகிரி மார்க்கெட்டிலிருந்து தக்காளியும் கொத்தமல்லியும் ஏற்றும் மினி வண்டி ஓட்டுகிறார். அவர் சபைக்கு வருவதில்லை. நான் போவதைத் தடுத்ததும் இல்லை. அவருக்கு நான் இன்னும் மஞ்சுதான்.

எங்கள் பாஸ்டருக்குத் தெரிந்த ஊழியக்காரர் ஒருவர் ஆப்பிரிக்காவில் மலாவி என்கிற நாட்டில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கொசுவலை தைக்கவும், கிழிந்த வலையை ஒட்டுப்போடவும் அந்த ஊர்ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார். பாஸ்டர் என்னையும் ஜெயசீலியையும் கேட்டார். பாஸ்டரும் சேர்ந்து நாங்கள் மூன்று பேர் மூன்று வாரம் போய்வருவதாக முடிவானது. வீட்டில் சொன்னபோது முனிராஜ் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கொசுவலை தைக்க அத்தன தூரமா? நம்ம வீட்டு வலையில ரெண்டு ஓட்டை கெடக்குது, அதத் தச்சுட்டுப் போ" என்றார். தைத்துவிட்டுத்தான் போனேன்.

ஜெயசீலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராயக்கோட்டை சாலையில் சானமாவு காட்டை ஒட்டிய கிராமம். ரோஜா வளர்க்கிற கிரீன்ஹவுஸில் பூ வெட்டுகிற வேலை. கை நிறைய முள் கீறல். வாயைத் திறந்தால் சிரிப்பு. "யானைக்குப் பயந்தா எங்கூர்ல வாழ முடியாது, புருஷனுக்குப் பயந்தா எங்கேயும் வாழ முடியாது" என்பாள். அவளுடைய புருஷன் தாவீது பயப்படும்படியான ஆளே இல்லை. அவள் பேச, அவர் பக்கத்தில் நின்று தலையாட்டுவார். அதைப் பார்ப்பதே ஒரு சுகம்.

மலாவிக்குக் கிளம்பும் முன்பு பெங்களூரில் ஒரு டாக்டர் எங்களுக்கு மலேரியா வராமல் இருக்க மாத்திரை கொடுத்தார். தினமும் ஒன்று. வெறும் வயிற்றில் போட்டால் நெஞ்சு எரியும், வாந்தி வரும், அதனால் சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். ஊருக்குத் திரும்பின பிறகும் நான்கு வாரம் விடாமல் போட வேண்டும் என்றார். காரணத்தையும் சொன்னார். கொசு கடித்தால் கிருமி முதலில் ஈரலுக்குள் போய் ஒளிந்துகொள்ளுமாம். அங்கே இருக்கும்போது இந்த மாத்திரையால் அதைப் பிடிக்க முடியாது. வெளியே ரத்தத்துக்கு வரும்போதுதான் பிடிக்க முடியும். எப்போது வெளியே வரும் என்று தெரியாது. அதனால் வாசலில் காவல் நிற்பதுபோல மாத்திரை நிற்க வேண்டும். அவர் சொன்னது மூன்று பேருக்கும் புரிந்தது. புரியாமல் போய்விட்டது என்று சொல்ல வழியே இல்லை.

அங்கே மாத்திரைக்குப் பொறுப்பு ஜெயசீலி. காலையில் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைக்கும் முன்பே அட்டையோடு வந்து நிற்பாள். "வாயைத் திற. நாக்கைத் தூக்கு" என்று பாஸ்டரைக்கூட விடமாட்டாள். அங்கத்துச் சாப்பாடு மக்காச்சோள மாவில் கிண்டுகிற களி. நம் ராகிக் களியேதான், நிறம் மட்டும் வெள்ளை. முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்கு ஊருக்கே வந்துவிட்டதுபோல இருந்தது. கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரிக்குக் களி இருக்கிற இடமெல்லாம் சொந்த ஊர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தைப்போம். என்னோடு தைக்க வந்தவர்களில் சிக்கோண்டி என்று ஒருத்தி, மடியில் கைக்குழந்தை. அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. ஊசி இரண்டு பேருக்கும் தெரியும். காய்ச்சலுக்கு அவர்கள் மலுங்கோ என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே வராந்தா முழுக்க அமைதியாகிவிடும். காய்ச்சலோடு வருகிற குழந்தைகளை நர்ஸம்மா விரலில் குத்திச் சோதிக்கும்போது நான் பிடித்துக்கொள்வேன். ஒரு சின்னப் பட்டையில் ஒரு சொட்டு ரத்தம். ஒரு கோடு வந்தால் வீட்டுக்குப் போகலாம். இரண்டு கோடு வந்தால் மலேரியா. இரண்டாவது கோடு மெதுவாகத் தெரியத் தொடங்கும்போது தாய்மார்களின் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது, குழந்தையைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். நேரம் கடத்தி வருகிற தாய்மாரை நர்ஸம்மா திட்டுவார். கூடச் சேர்ந்து நானும் சைகையால் திட்டியிருக்கிறேன். காய்ச்சல் கண்ட அன்றைக்கே வர வேண்டாமா என்று.

அந்த மூன்று வாரத்தில் நான் வளர்ந்துவிட்டதாக எனக்கே தோன்றியது. கடைத் தெருவைத் தாண்டாதவள் கடல் தாண்டி நாலு பேருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன் என்கிற பூரிப்பு. அதில் பொய்யும் இல்லை. ஆனால் பூரிப்பு கண்ணை மறைக்கும் என்பதைத் திரும்பி வந்துதான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் ஊழியம் போய்வந்தவர்கள் முதல் காரியமாக மூன்று நாள் உபவாச ஜெபத்தில் உட்கார வேண்டும். தண்ணீர் மட்டும்தான். சபையும் சேர்ந்து உட்காரும். அதன்பின் வருகிற ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும்.

உபவாசத்தின் முதல் நாள் நான் மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினேன். சிறிது நேரத்தில் வாந்தி. சபைக்குப் பின்னால் குழாயடியில் ஜெயசீலி என் முதுகைத் தேய்த்துவிட்டாள். அவளுக்கும் நெஞ்செரிச்சல்.

"மூணு நாளுதான, விட்டுட்டு அப்பறம் போடலாம்" என்றேன். இல்லை, அவள் சொன்னாளா? இருவருமே சொன்னோம் என்றுதான் நினைக்கிறேன். ஒருத்தி வாயில் வந்ததும் மற்றவள் தலையாட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயசீலி சாட்சி சொன்னாள். அவளைப்போலச் சொல்ல ஆள் கிடையாது. "வீட்டுக்கு வீடு காய்ச்சல் இருக்கிற தேசம். எங்க மூணு பேருக்கும் ஒரு தலைவலிகூட இல்ல. போனபடியே எங்களக் கொண்டாந்து சேத்தாரு" என்றாள். ஜனங்கள் கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. நானும் பக்கத்தில் நின்று ஆமென் சொன்னேன்.

வெளியே வரும்போது அவளிடம், "மாத்திரையை இன்னிக்கு ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டேன்.

"இப்பத்தான மைக்குல சொன்னேன். சொல்லிட்டு வீட்டுக்குப் போயி மாத்திர போட்டா, சொன்னத நானே நம்பலன்னு ஆவாதா?" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "அந்தூருக் கொசு இங்க வரைக்கும் பஸ் ஏறி வருமா என்ன?" என்றாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு மாத்திரை அட்டையை மேஜை இழுப்பறைக்குள், பழைய பொத்தான் டப்பாவுக்குப் பக்கத்தில் போட்டேன்.

சில நாள் கழித்து, ஒரு மத்தியானம், மிஷினில் உட்கார்ந்திருந்தபோது குளிர் வந்தது. ஓசூர்க் குளிர் தெரியும், அது தோலோடு நிற்கும். இது எலும்புக்குள்ளிருந்து வந்தது. பல் தந்தியடித்தது. யூனிபாரத் துணியை எல்லாம் மேலே போட்டுக்கொண்டு தரையில் படுத்துவிட்டேன். மாலையில் நெருப்பாகக் கொதித்தது. பிறகு வியர்த்து ஊற்றிச் சரியாகிவிட்டது. சரியானதுதான் மோசம். அடுத்த நாள் மறுபடியும் வந்தது.

தெருமுனை கிளினிக்கில் டைபாய்டாக இருக்கலாம், டெங்குவாக இருக்கலாம் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். மலாவி போய்வந்ததை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. சபைக்கார அக்கா ஒருத்தி அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழுந்தால் ஞாயிற்றுக்கிழமைச் சாட்சி என்ன ஆகும் என்று ஓடியது மனம். காய்ச்சலில் இருக்கிற மனசுக்கு எதை எடுத்து எங்கே வைப்பது என்று தெரிவதில்லை.

மூன்றாம் நாள் ஒரு சட்டைக்குக் கையை வைக்க வேண்டிய இடத்தில் காலரை வைத்துத் தைத்தேன். முனிராஜ் அதைத் தூக்கிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "மஞ்சு, கண்ணு மஞ்சளா கெடக்குது" என்றார். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். வேறு வண்டி தேடவில்லை. தக்காளிக் கூடைகளை ஓரம் தள்ளி, சாக்கு விரித்து, என்னைப் படுக்கவைத்து, எங்கள் மகள் நித்யாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினார். கம்பெனி ஷிப்டுக்குக் கிளம்பின பிள்ளை, கழுத்தில் தொங்கின கார்டோடு என் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பெரிய தனியார் ஆஸ்பத்திரி. டாக்டர் கேட்கும் முன்பே முனிராஜ் சொல்லிவிட்டார். "சார், இவ ஆப்பிரிக்கா போய்ட்டு வந்தவ." டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார்.

விரலில் குத்தினார்கள். அதே பட்டை. எத்தனையோ குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்த அதே வெள்ளைப் பட்டை. இந்தத் தடவை கண்ணை எடுக்காமல் பார்த்தேன். முதல் கோடு வந்தது. அப்புறம் இரண்டாவது கோடு, அவசரமே இல்லாமல்.

டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினார். மலேரியாவில் மோசமான வகை இது. ரத்தத்தில் இருக்கிற சிவப்பணுக்களுக்குள் புகுந்து உடைக்கிறது. உடைந்ததால்தான் மஞ்சள், அந்த நிறச் சிறுநீர். பாதிக்கப்பட்ட அணுக்கள் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களில் ஒட்டிக்கொண்டு அடைக்கும். மூளைக்குப் போகிற குழாய் அடைத்தால் நினைவு தப்பும், வலிப்பு வரும். சிறுநீரகம் அடைத்தால் சிறுநீரே நின்றுபோகும். "நல்ல மருந்து இருக்குதும்மா. ஆனா மணி நேரக் கணக்கு. கூட யாராவது போனாங்களா?"

ஜெயசீலி.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது முனிராஜ் தன் போனை என் காதில் வைத்தார். மறுமுனையில் ஜெயசீலி. "ஒண்ணும் இல்லடி, உபவாசம் இருந்த அசதி" என்றாள். அவள் பல் தந்தியடிப்பது எனக்குக் கேட்டது.

"ஜெயா, இது மலுங்கோடி. எனக்கு ரெண்டு கோடு வந்துடுச்சு. கெளம்பி வா."

"நீ மொதல்ல நல்லாவு. நான் ஆஸ்பத்திரிக்கு வந்தா அன்னிக்கு மைக்குல சொன்னது என்னாவறது? கர்த்தர் பாத்துக்குவாரு." போனை வைத்துவிட்டாள். மறுபடி அடித்ததற்கு எடுக்கவில்லை.

அதற்கப்புறம் எனக்குத் தெரிந்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான். கையில் ஊசி, மூக்கில் குழாய், தலைக்கு மேல் டிக் டிக் என்று ஒரு சத்தம். அந்த அறையில் பகலும் இல்லை, ராத்திரியும் இல்லை, ஒரே ட்யூப்லைட் வெளிச்சம். முனிராஜின் வீட்டுப் பாஷை தெலுங்கு. என்னிடம் தமிழில்தான் பேசுவார். உள்ளே விட்ட நேரத்தில் வந்து என் கால் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு, "ஏமி காதுலே, ஏமி காதுலே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். இந்த மனிதர் பாஷை மாறிப் பேசுகிறாரே, அப்படியானால் நான் பிழைக்க மாட்டேன் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"ஜெயசீலியைக் கூட்டிட்டு வாங்க" என்றேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து, "அந்தப்புள்ள வரமாட்டேங்குது. தாவீது அழுவறான். நான் சாமி கும்புடற ஆளு வேற, எம்பேச்சு எடுபடல" என்றார்.

பிறகு பாஸ்டர் வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று கண்ணை மூடப்போனவரை நான் தடுத்தேன். "ஐயா, எனக்காக அப்பறம் ஜெபிக்கலாம். நீங்க சொன்னாத்தான் அவ கேப்பா. போய்ச் சொல்லுங்க. உங்களுக்குக் காய்ச்சல் இல்லையா ஐயா?"

அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். எத்தனையோ ஆயிரம் வார்த்தை பேசின வாய், ஒரு வார்த்தைக்குக் கஷ்டப்பட்டது.

"நான் சாப்பிட்டேன் சிஸ்டர்" என்றார். "எனக்குச் சுகர். வெறும் வயிறா இருந்தா மயக்கம் வந்துரும். உபவாசத்துல மூணு நாளும் எங்க வீட்டம்மா ரூமுக்குள்ள கஞ்சி குடுத்தாங்க. கஞ்சி குடிச்சிட்டு மாத்திரையும் போட்டேன். இன்னைக்கு வரைக்கும் போடறேன். வெளிய சொல்லல. சபை விசுவாசத்துல இடறும்னு நெனைச்சேன்."

நான் கோபப்பட்டிருக்க வேண்டும். உடம்பில் அதற்குக்கூடத் தெம்பு இல்லை. "இதையே அவகிட்ட சொல்லுங்க ஐயா" என்றேன்.

அன்று சாயங்காலமே அவர் சானமாவுக்குப் போனார். தாவீதின் முன்னாலேயே ஜெயசீலியிடம் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்று அவள் ஒத்துக்கொண்டாள். ஆனால் அதற்குள் இருட்டிவிட்டது. காட்டிலிருந்து யானைக் கூட்டம் சாலைக்கு இறங்கியிருந்தது. வனத்துறைக்காரர்கள் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். விடிந்த பிறகுதான் விட்டார்கள். ஓசூருக்கு வந்து சேரும்போது ஜெயசீலிக்கு வலிப்பு வந்து நினைவு தப்பியிருந்தது. அவளையும் நான் இருந்த அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். சிறுநீரகம் நின்றுவிட்டது, டயாலிசிஸ் வேண்டும் என்று அங்கிருந்து பெங்களூருக்கு அனுப்பினார்கள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

மருந்து எனக்குக் கேட்டது. சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். பக்கத்துக் கட்டிலில் மும்தாஜ் அக்கா, சிறுநீரகக் கல்லுக்காக வந்தவர், வீட்டுக்காரர் பழைய இரும்பு வியாபாரம். வலி இல்லாத நேரமெல்லாம் பேச்சு. "ஆஸ்பத்திரியில படுத்தா நம்ம உடம்பு வாடகைக்கு வுட்ட வீடு மாதிரி. யாரு வேணா வர்றான், லைட்டு போடறான், குத்திட்டுப் போறான்" என்பார். நான் சிரித்தால் விலா வலிக்கும், அதனால் கண்ணை மட்டும் மூடித் திறப்பேன். எங்கள் உபவாசக் கதையை முழுக்கக் கேட்டார். அப்புறம், "எங்கள்ல நோயாளிக்கு நோம்பு இல்லம்மா. பின்னாடி ஒரு நாளு வச்சிக்கலாம்னு வுட்டிருக்குது. உங்கள்ல சொல்லலையா?" என்று கேட்டார். எங்களிலும் யாரும் கட்டாயம் என்று சொல்லவில்லை. நாங்களாகத்தான் அப்படி நினைத்துக்கொண்டோம்.

முனிராஜ் தினமும் ராகிக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவருவார். கட்டி கட்டியாக இருக்கும். "மாவு அப்படிப்பட்ட மாவு" என்று கடைக்காரன்மேல் பழியைப் போடுவார். வண்டியின் ஆர்.சி. புத்தகம் அடகுக்குப் போயிருந்தது, அதை அவர் சொல்லவில்லை, நித்யா சொன்னாள். அவளும் ஷிப்ட் முடிந்து வந்து என் கடைத் துணிகளைத் தைத்துக் கொடுத்திருக்கிறாள். ஒரு ஜாக்கெட்டில் வலது கை இடது பக்கம் ஏறிவிட்டது. அந்த அக்கா ஒன்றும் சொல்லாமல் கூலி கொடுத்து வாங்கிப்போனாராம். இப்படிப்பட்ட மனுஷர்களை நினைத்துத்தான் அந்த நாட்களில் சோறு இறங்கியது.

ஜெயசீலி எப்படி இருக்கிறாள் என்று கேட்கும்போதெல்லாம், "பெங்களூர்ல பாத்துக்கறாங்க" என்பார் முனிராஜ். எப்போது கேட்டாலும் அதே இரண்டு வார்த்தை. மும்தாஜ் அக்கா அந்த நேரம் பார்த்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒரு நாள் பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணினார். அதுவரை ஒவ்வொரு தடவையும், "எஸ்தரையும் ஜெயசீலியையும் உம்முடைய கரத்தால் தொடும்" என்றுதான் ஜெபித்தார். அன்றைக்கு, "எஸ்தரைப் பலப்படுத்தும். தாவீதையும் அந்தக் குடும்பத்தையும் ஆற்றித் தேற்றும்" என்றார். ஆற்றித் தேற்றும் என்று எங்கள் சபையில் எந்த வீட்டுக்காக ஜெபிப்போம் என்று எனக்குத் தெரியும். நான் ஆமென் சொல்லவில்லை. பாஸ்டர் கண்ணைத் திறந்தார். நான் தெரிந்துகொண்டேன் என்பது அவருக்கும் தெரிந்தது. அடக்கம் முடிந்து சில நாள் ஆகியிருந்தது. முனிராஜ் கஞ்சித் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

அன்றைக்கு நான் அழவில்லை. இழுப்பறைக்குள் பொத்தான் டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கிற அட்டைதான் கண்ணுக்குள் நின்றது. அழுகை வீட்டுக்கு வந்த பிறகு வந்தது, ஜெயசீலி கொடுத்திருந்த அளவு ஜாக்கெட் ஒன்று அலமாரியில் கைக்குத் தட்டுப்பட்டபோது.

வீட்டுக்கு வந்தும் ரத்தம் குறைவாகவே இருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ரத்தம் ஊற இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். என் வயிற்றுக்கு அதுவும் சாப்பிட்ட பிறகு போட்டால்தான் தங்கும். தாவீது ஒரு நாள் பார்க்க வந்தார். கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். பேசுகிறவள் இல்லாமல் பக்கத்தில் தலையாட்ட மட்டுமே பழகின மனிதர், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தையல் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குச் சாயங்காலம் பாஸ்டர் வந்து சொன்னாரு சிஸ்டர், கஞ்சி குடிச்சேன்னு" என்றார். "ஜெயா கோவிச்சுக்கல. சிரிச்சா. 'அப்ப நானும் ஒரு டம்ளர் குடிச்சிருக்கலாமே ஐயா'ன்னா. அதுக்கப்பறம் அவ பேசினது எதுவும் எனக்குப் புரியல."

நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார். கதவருகில் நின்று, "நீங்க பொழைச்சதுல எனக்கு வருத்தம் இல்ல சிஸ்டர். அப்படி நெனைச்சிறாதீங்க" என்றார். அவர் அதைச் சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சபையில் என்னைச் சுகமான சாட்சி சொல்லச் சொன்னார்கள். என்னால் முடியாது என்றேன். ஆண்கள் பக்கத்தில் தாவீது உட்கார்ந்திருக்க, கர்த்தர் என்னைக் காப்பாற்றினார் என்று எந்த வாயால் சொல்வேன்? ஜெயசீலியின் விசுவாசம் என்னுடையதைவிடப் பெரியது. எனக்கு வண்டி ஓட்ட ஒரு முனிராஜும், மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல அவர் வாயும் இருந்தன. எனக்கும் கடவுளுக்கும் நடுவில் இது ஒரு கேள்வியாகவே இருக்கிறது. நான் சபையை விடவில்லை. கேள்வியையும் விடவில்லை. அதைத் தூக்கிக்கொண்டேதான் போய் உட்காருகிறேன்.

அடுத்த உபவாசக் கூடுகை வந்தது. நானும் போனேன். பாஸ்டர் மேடையில் ஏறினதும் பாட்டு ஆரம்பிக்கவில்லை. முன்பு என்னிடம் ஆஸ்பத்திரியில் சொன்னதையெல்லாம் சபைக்கு முன்னால் சொன்னார். சுகர், கஞ்சி, மாத்திரை, வாயை மூடிக்கொண்டிருந்தது. கடைசியில், "மருந்து சாப்பிடறவங்க சாப்பிட்டுட்டுத்தான் ஜெபிக்கணும். பின்னால கஞ்சி வச்சிருக்குது" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். சபையின் பின்கதவு ஓரம் ஒரு பெஞ்சில் அலுமினியக் குண்டான். பக்கத்தில் கரண்டியோடு தாவீது நின்றார். சானமாவிலிருந்து பைக்கில் கட்டிக் கொண்டுவந்திருக்கிறார். துணியை விலக்கினதும் ராகிக் கஞ்சி வாசனை சபை முழுக்கப் பரவியது.

ஒருவரும் எழவில்லை. பிபிக்கு மாத்திரை போடுகிறவர்கள் இருந்தார்கள், சுகருக்கு ஊசி போடுகிறவர்கள் இருந்தார்கள், எல்லாரையும் எனக்குத் தெரியும். உபவாச நாளில் எல்லார் கண் முன்னாலும் எழுந்துபோய்ச் சாப்பிடுவது எங்கள் ஜனங்களுக்குத் துணி இல்லாமல் நிற்பது மாதிரி. தலையைக் குனிந்துகொண்டார்கள். தாவீது கரண்டியைப் பிடித்தபடியே நின்றார். கஞ்சியிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

நான் எழுந்தேன். பெண்கள் பக்கத்தின் நடுவிலிருந்து பின்கதவு வரை போக வேண்டும். தாவீது டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். "சூடு சிஸ்டர், மெதுவா" என்றார். மேலே கொஞ்சம் மோர் விட்டிருந்தது, கட்டி இல்லை. எல்லாரும் பார்க்க, நின்றபடியே குடித்தேன். பிறகு முந்தானையில் முடிந்திருந்த மாத்திரையை எடுத்துப் போட்டு, மீதிக் கஞ்சியையும் குடித்தேன்.

அப்போது மேடைப் பக்கமிருந்து காலடிச் சத்தம். பாஸ்டர் இறங்கி, நடுவழியாக நடந்து வந்து, பெஞ்சுக்கு முன்னால் நின்று, ஒரு டம்ளரை எடுத்து நீட்டினார்.

தாவீது அவரைப் பார்த்தார். கரண்டி குண்டானுக்குள் நின்றுவிட்டது. நீட்டின கை நீட்டினபடியே இருந்தது, அது இறங்கவில்லை. பிறகு தாவீது கரண்டியைத் தூக்கி, டம்ளரின் விளிம்புவரை ஊற்றினார். ஊற்றும்போது கொஞ்சம் சிந்தியது. இரண்டு பேருமே அதைத் துடைக்கவில்லை.